எம்மன்புரூக்கேயில் எல்லாரும் நலம்

கஜலக்சுமியின் வாயிலிருந்து முதன்முதலாகப் புகை வந்தது ஒரு தை மாதச் செவ்வாய்க்கிழமை காலையில். எம்மன்புரூக்கே முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடி நடைபாதையில், எதிரே வந்த சக ஊழியர் ஒருத்தி "அலெஸ் குவெட்?" என்று கேட்க, இவளும் "அலெஸ் குவெட்" என்று பதில் சொன்னாள். எல்லாம் நலமா என்பது கேள்வி, எல்லாம் நலம் என்பது பதில். சுவிட்சர்லாந்தில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்த நடைபாதையையும் கடந்துவிட முடியாது. பதிலைக் கேட்பதற்காக நின்றவர் என்றும் எவரும் இல்லை. அன்றைக்கும் கேட்டவள் நிற்காமல் போய்விட்டாள். புகைதான் நின்றது. சாம்பல் நிறத்தில், ஊதுபத்திப் புகையைவிடச் சற்றுத் தடித்து, அவசரமில்லாமல் மேலே போய் கூரையில் இருந்த புகை உணர்கருவியைத் தொட்டது. மணி அலறியது. தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களைச் சக்கரக் கதிரைகளில் வைத்து, போர்வை சுற்றி, பனி கொட்டும் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தீயணைப்புப் படை வந்து, எங்கும் நெருப்பைக் காணாமல், ஊழியர் அறையில் இருந்த பாண் வாட்டும் கருவிதான் காரணம் என்று முடிவு செய்து அதை அகற்றச் சொன்னது. ஒரு குற்றமும் செய்யாத அந்தக் கருவிதான் இந்த விவகாரத்தில் முதலில் வேலை இழந்தது.

அடுத்த நாளும் புகை வந்தது. அதற்கு அடுத்த நாள் கோப்பி இயந்திரத்தை அகற்றினார்கள், பிறகு மெழுகுதிரிகளை அகற்றினார்கள். அகற்றுவதற்கு வேறொன்றும் மிஞ்சாதபோதுதான் கஜலக்சுமியைப் பார்த்தார்கள். வைத்தியர் விளக்குப் பிடித்துத் தொண்டையைப் பரிசோதித்து, குழந்தையின் தொண்டைபோலச் சுத்தமாக இருக்கிறது என்றார். இல்லத்தின் பொறுப்பாளர் திருமதி ஓடர்மாட் நல்ல பெண்மணி. அவர் கஜலக்சுமியைக் கூப்பிட்டு இருத்தி, தேநீர் கொடுத்து, பதில் சொல்லும்போது முகத்தை யன்னலுக்கு வெளியே நீட்டிக்கொள்ள முடியுமா என்று மிகவும் பரிவோடு கேட்டார். புகை ஏன் வருகிறது என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் யாருமே கேட்கவில்லை, எந்தப் பக்கத்து யன்னலைத் திறப்பது என்பதைப் பற்றித்தான் கூட்டம் கூடிப் பேசினார்கள். கடைசியில் திருமதி ஓடர்மாட், வயோதிபர்களைத் திரும்பத் திரும்பப் பனிக்குள் கொண்டுபோக முடியாது என்றும், ஈஸ்டருக்குள் புகை நிற்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணோடு எழுந்து கதவைத் திறந்துவிட்டதும் உண்மை.

கஜலக்சுமிக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. அதற்கு முன் அவள் ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். "அங்க விரிப்புத்தான் இருந்தது, இஞ்ச விரிப்புக்கு மேல ஆக்களும் இருக்கினம்" என்று கணவன் தயாபரனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவள் தன்னுடைய வேலையைப் பற்றிச் சொன்ன மிக நீளமான வசனம் அதுதான். இது கைவிட்டுப் போனால் திரும்பவும் ஏதோவொரு நிலவறையில் விரிப்பு மடிக்க வேண்டும். நீராவியும் சுடுதுணி வாசமும் உள்ள இடத்துக்குள் இனித் தன்னால் கால் வைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தச் சலவைத் தொழிற்சாலை எரிந்தது முந்திய ஆண்டுக்கும் முந்திய ஆண்டின் இலையுதிர்காலத்தில். உலர்த்தும் இயந்திரத்தின் பஞ்சுத்தூசியில் பிடித்த நெருப்பு என்று பிறகு கண்டுபிடித்தார்கள். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், ராசாவைத் தவிர. அவர் மட்டக்களப்புக்காரர், உலர்த்தும் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டவர், மதியச் சாப்பாட்டில் தன் பங்கு மீனை மற்றவர்களின் தட்டில் வைப்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தவர். அன்று மஞ்சள் மேலங்கி அணிந்த தொண்டர்கள் சிலர் வந்து, வெளியே வந்தவர்களுக்குப் போர்வையும் சுடச்சுடத் தேநீரும் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இதைத் தெருவின் மறுகரையில் நின்று பார்த்தவர் தில்லைநாதன். "ஒண்டும் கதைக்காமல் பக்கத்தில குந்தியிருக்கிறதுக்கும் சம்பளமோ?" என்று அவர் கேட்டார். சம்பளமில்லை, இது தொண்டு, இவர்களும் ஒரு காலத்தில் விபத்துகளில் தப்பியவர்கள்தான் என்று யாரோ விளக்கியதும் அவருடைய முகம் மலர்ந்தது. தொண்டு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு நிர்வாக சபை வேண்டும், நிர்வாக சபை என்றால் தலைவர் வேண்டும், தலைவர் என்றால் எம்மன்புரூக்கேயில் அது தில்லைநாதன்தான். கோயில் திருப்பணி, கரப்பந்தாட்டம், மரணச் சடங்கு உதவி எல்லாவற்றுக்கும் அவரே தலைவராக இருந்தார். பிறர் துயரத்துக்கு மட்டும்தான் அதுவரை தலைவர் இல்லாமல் இருந்தது.

தில்லைநாதன் எண்பதுகளில் டாவோஸுக்கு வந்து ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். அந்த நாட்களைப் பற்றி அவர் சொல்லாத மேடை இல்லை. பனி இடுப்பளவு, பாத்திரம் கூரையளவு, பாசை தெரியாது, ஆனாலும் நாங்கள் கலங்கவில்லை என்பார். பாத்திரத்தின் உயரம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வந்தது. அவர் தன்னுடைய நிர்வாக சபையை அப்படியே அள்ளிக்கொண்டு, மாநில நிர்வாகம் லுசேர்னில் நடத்திய ஒரு வார இறுதிப் பயிற்சிக்குப் போனார். அனர்த்தங்களில் அகப்பட்டவர்களுக்கு, அதேபோல அகப்பட்டு மீண்டவர்கள் துணையாக இருப்பது எப்படி என்பது பாடம். புத்தி சொல்லக் கூடாது. நடந்ததைத் துருவிக் கேட்கக் கூடாது. உன்னுடைய கதையை அவர்களுடைய கதைக்கு மேல் ஏற்றி வைக்கக் கூடாது. கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது. காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்யும் பிரபாலினி, ஜேர்மன் நன்றாகத் தெரிந்த காரணத்தால் நிரந்தரச் செயலாளராக இருப்பவள், இவற்றையெல்லாம் பக்கத்தில் இருந்து தமிழ்ப்படுத்தினாள். தில்லைநாதன் தலையாட்டிக் கேட்டார். தேநீர் இடைவேளையில் அவர் அவளிடம் கேட்ட ஒரே சந்தேகம், மேலங்கியில் எழுத்து முன்னுக்கு வருமா முதுகிலா என்பதுதான்.

அந்த எழுத்தினால்தான் சபை உடைந்தது. முன்னுக்கு வேண்டும் என்றவர்கள் 'எம்மன்புரூக்கே தோழமைத் துணை' என்றும், முதுகில் வேண்டும் என்றவர்கள் 'எம்மன்புரூக்கே தாய்த் தோழமைத் துணை' என்றும் பிரிந்து, ஒருவர் திருமணத்துக்கு மற்றவர் போகாத நிலை வந்தது. இரண்டு துணைகளும் தயாராக இருந்தன, துயரம்தான் தட்டுப்பாடாகப் போய்விட்டது. சலவைத் தொழிற்சாலையில் தப்பியவர்களை ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார்கள். எல்லாரும் நல்ல சுகம் என்றார்கள். அந்த வருடம் முழுவதும் தில்லைநாதன் வானிலை அறிக்கையை ஒருவித எதிர்பார்ப்போடு பார்த்து வந்தார். மலைச்சரிவு எச்சரிக்கை வந்தால் மேலங்கியை எடுத்துத் தட்டி வைப்பார். எச்சரிக்கை நீங்கியதும் பெருமூச்சு விடுவார், அது நிம்மதிப் பெருமூச்சு என்று சொல்ல முடியாது. இந்த நிலைமையில்தான் கஜலக்சுமியின் வாயில் புகை வந்த செய்தி பரவியது.

இரண்டு துணைகளும் அதே வார இறுதியில் வந்து இறங்கின. முன்னுக்கு எழுத்து வைத்தவர்கள் காலையிலும், முதுகில் எழுத்து வைத்தவர்கள் மாலையிலும் என்று முறை வகுத்துக்கொண்டார்கள். கேக், வாழைப்பழம், ஓரன்ஜ் சாறு, உடம்பு தேற முட்டை மாப் பெட்டிகள் என்று வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் போனது. பயிற்சியில் செய்யக் கூடாது என்று சொன்ன எல்லாவற்றையும், சொன்ன ஒழுங்கு தவறாமல், செய்தார்கள். முதலில் புத்தி சொன்னார்கள்: துளசி அவித்துக் குடி, வெள்ளிக்கிழமை விரதம் பிடி, ஃப்ரிபூர்க்கில் ஒரு வைத்தியர் இருக்கிறார், கைராசிக்காரர். பிறகு துருவினார்கள். "எப்பிடிப் பிள்ளை நடந்தது? முதல்ல புகையோ முதல்ல நெருப்போ? ராசா அந்த நேரம் எங்க நிண்டவர்?" என்று கேட்டார் தில்லைநாதன். அவள் "அதெல்லாம் முடிஞ்சு போச்சு அண்ணை, நான் இப்ப நல்லாயிருக்கிறன்" என்றாள். புகை வந்தது. அடுத்ததாக அவர்கள் தங்களுடைய கதைகளைத் தொடங்கினார்கள். இடம்பெயர்ந்து நடந்த நடையைச் சொன்னார் ஒருவர், பதுங்குகுழியைச் சொன்னார் ஒருவர், கடல் வந்த காலையைச் சொன்னார் இன்னொருவர். எல்லாருடைய கதையும் இவளுடையதைவிடப் பெரியதாக இருந்தது. "உதென்ன நெருப்பு, நாங்கள் காணாத நெருப்போ! எங்களுக்கு ஏதாலும் நடந்ததோ? இப்ப பார், எப்பிடி இருக்கிறம்!" என்று முடிப்பார்கள். அந்த நேரங்களில் வீட்டுக்குள் புகை மிகவும் கூடும். அத்தனை புகையும் ஒருத்தியின் வாயிலிருந்து எப்படி வரும் என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை. இருமியபடி யன்னலைத் திறந்துவிட்டு, "பாவம் பிள்ளை" என்றார்கள்.

புறப்படும்போது எல்லாரும் வழக்கப்படி "வாறம் பிள்ளை" என்று சொல்லிப் போவார்கள். நம்முடைய ஆட்களில் எவரும் போகிறேன் என்று சொல்லிப் போவதில்லை, அது அபசகுனம். கஜலக்சுமி "ஓம், வாங்கோ" என்பாள். அதன் பிறகு கதவுக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். சோறு ஆறிப்போகும், கூப்பிட்டால் கேட்காது. தயாபரன் இதைக் கண்டும் காணாமல் இருந்தான். அவன் வார நாட்களில் பேருந்துப் பட்டறையில் வேலை செய்து, வார இறுதிகளில் கல்யாணவீடுகளுக்கும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளுக்கும் வீடியோ எடுப்பவன். மணப்பெண் நடந்து வரும்போது காலடியில் வெண்புகை விடும் இயந்திரமும் சொந்தமாக வைத்திருந்தான். ஊரில் எல்லாருடைய அழுகையையும் கிட்டப்போய்ப் படம் பிடித்த அவனுக்குச் சொந்த மனைவியிடம் என்ன என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்தான் என்பதே உண்மை. வேலைத்தளத்தில் யாராவது விசாரித்தால் "இப்ப எல்லாம் ஓகே" என்பான். அவனுக்கும் அந்தக் குளிர் மாரியில் தொண்டை கரகரத்துக்கொண்டே இருந்தது.

ஈஸ்டர் நெருங்கியது. தில்லைநாதனுக்கு ஒரு யோசனை வந்தது, விழா எடுப்பது. அவருக்கு வேறு விதமாக யோசனை வருவதில்லை. தோழமைத் துணையின் முதலாவது வெற்றியை ஊரறியச் செய்ய வேண்டும், மாநில அதிகாரி ஒருவரை அழைக்க வேண்டும், கஜலக்சுமியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்து இரண்டு வார்த்தை பேசவைக்க வேண்டும். திருமதி ஓடர்மாட்டையும் அழைத்தார்கள். ஒலிவாங்கியின் முன் புகையில்லாமல் பேசிக் காட்டினால் தொடர்ந்து வேலைக்கு வரலாம் என்று அவர் சம்மதித்தார். பேச வேண்டிய வசனத்தைத் தில்லைநாதனே தயாரித்தார்: 'தோழமைத் துணையின் அரவணைப்பினால் நான் முற்றாகக் குணமடைந்து நலமாக இருக்கிறேன்.' கஜலக்சுமி வீட்டில் அதைச் சொல்லிப் பழகினாள். 'முற்றாக' என்ற இடத்திலேயே புகை கிளம்பிவிடும். சொல்லிச் சொல்லி வரவேற்பறைச் சுவர் கறுத்துப்போனது. ஒருநாள் அவள் தில்லைநாதனிடம் "அண்ணை, இது எனக்கு வராது. என்ர வேலை போகப்போகுது" என்று வாய்விட்டு அழுதாள். அழுதபோது புகை வரவில்லை. அதை அவர் கவனித்திருக்கலாம். "மேடையில ஏறினா எல்லாம் சரிவரும் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, மேசைக்கு எந்த நிறச் சீலை விரிப்பது என்று பார்க்கப் போய்விட்டார்.

பாடசாலையின் உடற்பயிற்சி மண்டபத்தை எடுத்தார்கள். முன்னெச்சரிக்கையாக, கூரையில் இருந்த புகை உணர்கருவிகளுக்கெல்லாம் தில்லைநாதன் குளியல் தொப்பிகளை மாட்டச் செய்தார். டாவோஸ் ஹோட்டலை விட்டு வரும்போது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து, என்றைக்காவது உதவும் என்று பத்திரமாக வைத்திருந்தவை அவை. மண்டபத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் மின்கலத்தில் எரியும் குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. வரவேற்புரை, வாழ்த்துரை, ஆசியுரை, பயிற்சியில் கலந்துகொண்டவர்களுக்குப் பயிற்சியில் கலந்துகொண்டமைக்கான பொன்னாடை. ராசாவுக்கு அகவணக்கம் செலுத்தும்போது பின்வரிசையில் யாரோ மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தாய்த் தோழமைத் துணைக்காரர்கள் புறக்கணிப்பதாக அறிவித்திருந்தார்கள், ஆனாலும் புறக்கணிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க எல்லாரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் திருமதி ஓடர்மாட், அவருக்குப் பக்கத்தில் மெல்லிய குரலில் மொழிபெயர்க்கப் பிரபாலினி. நடுவில் முக்காலியில் கமராவோடு தயாபரன்.

தலைமையுரைக்குத் தில்லைநாதன் எழுந்தார். டாவோஸின் பனியில் தொடங்கினார். பாத்திரங்கள் அன்று ஆலயக் கோபுரத்தின் உயரத்தை எட்டின. "நாங்கள் எல்லாத்தையும் கடந்து வந்த சனம். எங்கட நெஞ்சில ஒரு கீறல் கிடையாது. நாங்கள் நல்லாத்தான் இருக்கிறம்" என்று அவர் முழங்கியபோது, அவருடைய வாயிலிருந்து கன்னங்கரேலென்று புகை புறப்பட்டு ஒலிவாங்கியைச் சுற்றிக்கொண்டது. சபை ஒரு கணம் திகைத்தது. பிறகு, தயாபரன் தன்னுடைய கல்யாணவீட்டுப் புகை இயந்திரத்தை நல்ல இடம் பார்த்து விட்டிருக்கிறான் என்று எண்ணி, பலமாகக் கைதட்டியது. கைதட்டலில் உற்சாகமடைந்து அவர் இன்னும் உரத்துச் சொன்னார், இன்னும் புகை வந்தது. "நாங்கள் நல்லாயிருக்கிறமோ இல்லையோ?" என்று சபையைப் பார்த்துக் கேட்டார். "ஓம்!" என்று மண்டபமே பதில் சொன்னது. சொன்ன எல்லா வாய்களிலிருந்தும் புகை வந்தது. பதுங்குகுழிக்காரரின் புகை, கடல் கண்டவரின் புகை, முன்னெழுத்து, முதுகெழுத்து என்ற பேதமில்லாமல் எல்லாப் புகையும் ஒன்றாகி மேலே போய், குளியல் தொப்பிகளில் முட்டிக் கீழே இறங்கியது. அப்போதும் சிலர் கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தன்னுடைய புகை இயந்திரம் வீட்டு நிலவறையில் பெட்டியோடு கிடக்கிறது என்பது தயாபரன் ஒருவனுக்குத்தான் தெரியும். இத்தனை ஆண்டுத் தொழிலில் முதல்தடவையாக, ஓடிக்கொண்டிருந்த கமராவை விட்டு அவன் கண்ணை எடுத்தான்.

நிகழ்ச்சி நிரல் நிரல்தான், புகைக்காக நிறுத்த முடியாது. இருமலுக்கு நடுவே தில்லைநாதன் கஜலக்சுமியை மேடைக்கு அழைத்தார். பொன்னாடையைத் தட்டித் தடவி யாரோ ஒருவர் ஏதோ ஒரு தோளில் போட்டார், அது அவளுடைய தோளாகவே அமைந்தது. அவள் ஒலிவாங்கியின் முன் நின்றாள். முன்வரிசை தெரியவில்லை, விளக்கு தெரியவில்லை, தன்னுடைய கையே தெரியவில்லை. கடைசியாக அப்படி ஒரு புகைக்குள் நின்றபோது அவளுடைய வலப்பக்கத்தில் ராசா நின்றிருந்தார். அவள் வாயைத் திறந்தாள். பழகிய வசனம் அங்கே இல்லை.

"எனக்குச் சரியில்லை" என்றாள் கஜலக்சுமி. "எனக்கு அண்டைக்குத் துடங்கி ஒரு நாளும் சரியில்லை. ராசா அண்ணை என்ர கையைப் பிடிச்சுக் கதவடிக்குக் கொண்டுவந்து விட்டவர். உள்ள இன்னும் ஆரோ நிக்கினம் போல எண்டவர். 'நீ போ பிள்ளை, நான் வாறன்' எண்டவர். நான் போயிட்டன். வாறன் எண்டு சொன்னவர்தானே எண்டு தெருவில நிண்டு பாத்துக்கொண்டே இருந்தன். உள்ள ஒருத்தரும் இருக்கேல்லை. நாங்கள் எல்லாரும் வெளியில நிக்கிறம். ஒருத்தரும் இல்லாத இடத்தில ஆரையோ தேடிக்கொண்டு அந்த மனிசன் நிண்டிருக்கு." அவளுடைய வாயிலிருந்து புகை வரவில்லை. வெறும் மூச்சுத்தான் வந்தது. அந்த மூச்சுப் பட்ட இடத்தில் புகை விலகி, அவள் முகத்தைச் சுற்றி ஒரு முழம் அளவுக்கு நல்ல காற்று உண்டாயிற்று. அவள் மேலும் சொல்லச் சொல்ல அது அகன்று கொண்டே போனது.

புகைக்குள் மூச்சுத் திணறும் மனிதர்கள் நல்ல காற்று இருக்கும் பக்கம் போவது இயல்பு, அதற்குப் பயிற்சி தேவையில்லை. ஒவ்வொருவராக மேடையைச் சுற்றி நெருங்கி வந்து நின்றார்கள். ஒருவரும் புத்தி சொல்லவில்லை, ஒருவரும் துருவிக் கேட்கவில்லை, இருமிக்கொண்டிருந்ததால் முடியவில்லை. வார இறுதிப் பயிற்சி முழுவதும் கற்றுக்கொடுக்க முடியாததை இருமல் கற்றுக்கொடுத்துவிட்டது. கீழே, திருமதி ஓடர்மாட்டின் காதில் பிரபாலினி அந்த வார்த்தைகளை ஜேர்மனில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குச் சரியில்லை என்பதை அவள் தன் வாயால் சொன்னபோது, தன்னைச் சுற்றியும் காற்று தெளிவதைக் கண்டு, தேவைக்கு மேல் இரண்டு தடவை அதை மொழிபெயர்த்தாள். தில்லைநாதன் மேடையிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். பிறகு யாரும் கேட்காமலே சொன்னார். "டாவோஸில குசினிக்கு ஒரு போன் வந்தது. தம்பியைச் சுட்டுப்போட்டாங்கள் எண்டு. சமையல்காரன் 'அலெஸ் குவெட்?' எண்டான். நானும் 'அலெஸ் குவெட்' எண்டிட்டு மிச்சத் தட்டெல்லாத்தையும் கழுவி முடிச்சனான். அவன்ர பேர் சொல்லி அழ எனக்கு நேரம் வரேல்லை." தம்பி ஒருவர் இருந்தார் என்பதே அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. கூடவே, அத்தனை ஆண்டுகளாக வளர்ந்த பாத்திரக் குவியல் எதை மறைக்க வளர்ந்தது என்பதும் தெரிந்தது. தயாபரன் கமராவை அப்படியே விட்டுவிட்டு மேடைக்கு ஏறி, மனைவியின் பக்கத்தில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். அவள்தான் பிடித்து வைத்தாள்.

யன்னல் வழியாகப் புகை வருவதைக் கண்ட மண்டபக் காவலாளி அழைக்க, தீயணைப்புப் படை வந்தது. கதவுகளைத் திறந்துவிட்டு முன்னால் வந்த வீரர், வழக்கப்படி சபையைப் பார்த்து "அலெஸ் குவெட்?" என்று கேட்டார். பழக்க தோசத்தில் அத்தனை வாய்களும் திறந்தன. திறந்தபடியே மூடிக்கொண்டன. "நெய்" என்றாள் கஜலக்சுமி. இல்லை என்பதற்கு அந்த நாட்டில் அதுதான் சொல். அந்தச் சொல் இருக்கிறது, இந்தக் கேள்விக்குப் பதிலாக யாரும் பாவித்ததில்லை. இல்லை என்று சொல்பவரை என்ன செய்ய வேண்டும் என்று வீரருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, மேடையோரத்தில் கிடந்த நீண்ட மர வாங்கில் அவளை இருத்தித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். பிரபாலினி மரியாதைக்காக, உங்களுக்கு எப்படி என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு "அலெஸ் குவெட்" என்றார். உதட்டோரத்திலிருந்து நூல்போலப் புகை வந்தது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கஜலக்சுமியின் வேலை போகவில்லை. திருமதி ஓடர்மாட் சில நாட்கள் தன்னுடைய அறையை உள்ளே பூட்டிக்கொண்டு, யன்னலைத் திறந்துவைத்து எதையோ சொல்லிப் பார்த்தார் என்று துப்புரவுப் பெண் சொன்னாள். பிறகு இல்லத்தில் ஒரு விதி வந்தது. உட்கார்ந்து பதிலைக் கேட்க நேரம் உள்ளவர் மட்டும்தான் நலமா என்று கேட்கலாம். ஊழியர்களில் ஒருவருக்கும் நேரம் இல்லாததால் ஒருவரும் கேட்பதில்லை, மணியும் அடிப்பதில்லை. படுக்கையில் கிடக்கும் வயோதிபர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறது. அவர்கள் கேட்கிறார்கள், அவள் விரிப்பை மாற்றியபடி சொல்கிறாள், தங்களுடையதையும் சொல்கிறார்கள். பாண் வாட்டும் கருவியைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

தோழமைத் துணை திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தில்லைநாதன் இன்றைக்கும் தலைவர்தான், விழாவின் முதலாம் ஆண்டு நிறைவுக்கு விழா எடுத்தார். யாருடைய புகை பழையது, யாருடையது கறுத்தது என்பதில் இரண்டு துணைகளுக்கும் தகராறு வந்து மூன்றாவது துணை ஒன்று உருவாகியிருக்கிறது. ஆனால் சனிக்கிழமைகளில் மூன்று துணைக்காரரும் தனித்தனியாக வந்து, ஒரே மண்டபத்தில், ஒலிவாங்கி இல்லாமல் உட்காருகிறார்கள். யன்னல்கள் திறந்தபடி இருக்கும். நன்றாக இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் மற்றவர்கள் கதிரையைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். அயலவர்கள் இப்போது முறைப்பாடு செய்வதில்லை. புகை கண்டால் தீயணைப்பு நிலையத்திலிருந்து அந்த ஒரு வீரர் மட்டும் குழாய் இல்லாமல் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்.

இன்னொரு மாற்றமும் நடந்தது, வெளியூர்க்காரர்களுக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. விழாவுக்குச் சில வாரங்களின் பின் ஒரு மாலை, தில்லைநாதன் கஜலக்சுமியின் வீட்டுக்கு மேலங்கி இல்லாமல் வந்திருந்தார். நெடுநேரம் இருவரும் கதைத்தார்கள், நெடுநேரம் கதைக்காமலும் இருந்தார்கள். அவர் எழுந்து சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு கதவடியில் நின்று, வழக்கமான சொல்லைச் சொல்ல வாயெடுத்தார். அவளுடைய கண் கதவுக்கு எதிரே இருந்த கதிரைக்குப் போவதைக் கண்டார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, நல்ல நாள் பார்க்காமல் பொய்ப்பல்கூடக் கட்டாதவர்.

"நான் போறன் பிள்ளை" என்றார்.

"ஓம் அண்ணை, போங்கோ" என்றாள் கஜலக்சுமி.

அவர் சொன்னபடியே போனார். அவள் கதவைச் சாத்திவிட்டு, கதிரையைச் சாப்பாட்டு மேசைக்கு எடுத்துக்கொண்டு வந்து, சோறு ஆறுமுன் சாப்பிட்டாள். அன்றிலிருந்து எம்மன்புரூக்கேயில் நம்மவர்கள் விடைபெறும்போது போறன் என்றுதான் சொல்கிறார்கள். அபசகுனம் என்கிறார்கள் சூரிச்காரர்கள். சொன்னவர் சொன்னதைத்தானே செய்கிறார் என்கிறார்கள் இவர்கள். அதைச் சொல்லும்போது புகை வருவதில்லை.